காண்போனின் கடன்

கண்ணாற் காணுதல் குற்றமற்ற செயல் என்பது பொதுவாக நிலவிவரும் எண்ணமாகும். கள்வன் பிறர் பொருளைக் குறைக்கின்றான். வேட்டைக்காரன் உயிர்களைக் குறைக்கின்றான். வணிகன் விலை கொடுத்தேனும் ஒன்றைத் தன்னுடையதாக்கிக் கொள்கின்றான். காண்பவனோ எதனையும் எடுப்பதில்லை. அவன் வந்துசென்ற பின்னரும் கண்ட பொருள் இருந்தபடியே இருக்கின்றது. ஆகவே, காணப்படும் பொருளிடத்துக் காண்பவனுக்குக் கடன் எதுவும் இல்லை என முடிவு செய்தல் எளிது. இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. பறவைகளைக் காண்பதற்கென்றே கடற்கரைக்குச் செல்லும் மனிதரின் செயல் இவ்வாராய்வுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். கொல்லாமலும் கொள்ளாமலும் காண்பதொன்றையே நோக்கமாகக் கொண்ட செயல்கள் மனித வாழ்விற் பல இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜேர்சி, டெலவெயர் ஆகிய இரு மாநிலங்களுக்கிடையே அமைந்துள்ளது டெலவெயர் விரிகுடா. இளவேனில் முதிரும் மே மாதத்தில் ஆண்டுதோறும் அங்கு ஒரு பெருநிகழ்ச்சி நடைபெறுகின்றது. முழுமதி நாளையும் மறைமதி நாளையும் ஒட்டிக் கடல் பெருகும்போது, குதிரைலாட நண்டுகள் ஆயிரக்கணக்கிற் கரையேறி, மணலிற் குழிபறித்து முட்டையிடுகின்றன. நண்டென வழங்கப்படினும் அவை சிலந்திக்கும் தேளுக்குமே நெருங்கிய உறவுடையவை. ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் அவற்றின் முன்னோரின் சுவடுகள் காணப்படுகின்றன. ஒரு பெண் நண்டு ஒரு பருவத்தில் 80,000 முட்டைகள் வரை இடக்கூடும். பசுமை கலந்த நிறமுடைய இச்சிறு முட்டைகளுட் பல, பின்னர் வரும் நண்டுகள் மணலைக் கிளறுவதாலும் அலைகள் மோதுவதாலும் மேலே வந்துவிடுகின்றன. அவ்வாறு வெளிப்பட்ட முட்டைகள் பறவைகளுக்கு உணவாகின்றன.

அவ்வுணவை நாடிவரும் பறவைகளுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது, ஆங்கிலத்தில் 'ரெட் நொட்' எனப்படும் உள்ளானினப் பறவையாகும். குளிர்காலத்திற் சாம்பல் நிறமாயிருக்கும் இதன் உடல் இளவேனிலிற் செங்கல் நிறம் பெறுதலின், இதனைச் செம்மார்பு உள்ளான் எனக் குறிப்பிடுதல் பொருந்தும். இதன் ஒரு பிரிவினம் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா டெல் பியூகோவில் ஆண்டின் ஒரு பகுதியைக் கழித்து, கனடாவின் வடதுருவப் பகுதிக்குச் சென்று குஞ்சு பொரிக்கின்றது. ஒருவழிப் பயணம் மட்டுமே ஏறத்தாழ 15,000 கிலோமீற்றராகும். இப்பயணத்தின் இறுதியான பெருந்தரிப்பிடம் டெலவெயர் விரிகுடாவாகும். நீண்ட பறப்பின் பின் அங்கு வந்திறங்கும் பறவை பெரும்பாலும் 130 கிராமுக்கும் குறைந்த நிறையுடையதாயிருக்கும். ஏறத்தாழ இரு வாரங்களுக்குள் அது 180 கிராமை எட்டுதல் வேண்டும். எட்டாவிடின், பனி முற்றாக உருகாத வடநிலத்தில் உயிர்தாங்குதலும் முட்டையிடுதலும் அதற்கு அரிதாகிவிடும். ஆகவே அக்கரையில் அப்பறவை கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் வாழ்வோடு நேரே தொடர்புடையதாகும்.

அதே இரு வாரங்களில் மனிதரும் அங்கு வருகின்றனர். பெருநகரங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, முக்காலிகளிற் பொருத்திய தொலைகாட்டிகளோடும் குறிப்பேடுகளோடும் அவர்கள் கரையை அடைகின்றனர். கடற்காகங்களின் ஆரவாரத்துக்கிடையே, அலை பின்வாங்கும் ஈரமணலில் உள்ளான்கள் தலை நிமிராது கொத்திக்கொண்டிருக்கும். திடீரென ஏதோ ஓர் அச்சத்தாற் கூட்டம் முழுவதும் ஒருசேர எழும். ஒரே உடல் போல வளைந்து திரும்பும். வெயிலிற் சிவந்தும் வெளுத்தும் மின்னி மறுபடியும் மணலில் இறங்கும். அதனைக் காண்பவர் மெய்ம்மறந்து நிற்பர்.

ஆயினும் காண்பவருக்கு மிக அழகியதாகத் தோன்றும் அக்கணமே பறவைக்கு மிகுந்த இழப்பை விளைக்கும் கணம் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு முறை வீணாக எழும்போதும் அது சேர்த்துவைத்த கொழுப்பிற் சிறிது எரிந்துபோகின்றது. உண்ணும் நேரமும் குறைகின்றது. ஒருவர் நெருங்கிச் செல்வதால் நேரும் தீங்கு சிறிதாயிருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் ஒருவர் பின் ஒருவராக வருவோர் அனைவரும் தத்தம் பங்கு சிறிதெனவே எண்ணுவர். காண்பவனின் கண் எதனையும் எடுக்காதிருப்பினும் அவன் கால்கள் எடுக்கின்றன எனலாம். இதனை உணர்ந்தே, நியூ ஜேர்சிப் பக்கத்திலுள்ள முக்கியமான கடற்கரைகள் மே 7 தொடக்கம் யூன் 7 வரை மக்கள் நடமாட்டத்துக்கு மூடப்படுகின்றன. கயிறு கட்டப்பட்டு, தொண்டர்கள் காவல் நிற்க, குறித்த இடங்களிலிருந்து மட்டுமே காண்பதற்கு இடமளிக்கப்படுகின்றது.

இக்கயிறு வெறும் நிருவாக ஏற்பாடு மட்டுமன்று. அன்பு அணுகுதலை விழையும் என்பது பொது வழக்கு. விரும்பும் பொருளை நெருங்குதலும் தொடுதலும் தன்பால் ஈர்த்தலும் அன்பின் இயல்பாகவே கருதப்படுகின்றன. இங்கோ, பறவையை மிக விரும்புபவனே மிகத் தொலைவில் நிற்றல் வேண்டும். தன் மகிழ்ச்சியின் பொருட்டு அப்பறவை தன்னை அறியவும் கூடாது என அவன் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். தமிழிலக்கிய மரபில் வடக்கு நோக்கிப் பறக்கும் நாரையை விளித்துத் தன் மனைக்குத் தூதுரைக்குமாறு வேண்டிய வறிய புலவர் ஒருவரின் தனிப்பாடல் புகழ்பெற்றது. அங்கே பறவை மனிதனின் துயரைச் சுமந்து செல்லுமாறு வேண்டப்படுகின்றது. கயிற்றின் இப்பால் நிற்பவனோ பறவையிடம் எதனையும் வேண்டாதிருக்கக் கற்கின்றான். கற்றற்கு எளிதன்று இப்பாடம்.

எனினும், விலகி நிற்றலே முழுமையான அறம் என்று கூறிவிடவும் இயலாது. ஆய்வாளர் சிலர் வெடியால் வீசப்படும் வலைகொண்டு பறவைகளைப் பிடித்து, நிறுத்து, காலில் எழுத்துப் பொறித்த வண்ணத் தகடு பூட்டி விடுவிக்கின்றனர். நாட்டுக்கொரு நிறமாக, ஆர்ஜென்டீனாவிற் செம்மஞ்சளும் ஐக்கிய அமெரிக்காவில் இளம்பச்சையும் பயன்படுத்தப்படுகின்றன. எந்த நாட்டையும் தன்னுடையதென எண்ணாத பறவையின் காலில் நாடுகளின் நிறங்கள் ஏறுகின்றன. பிடிக்கப்படுதல் பறவைக்கு அச்சந்தருவதே. ஆனால் அவ்வாறு பெறப்பட்ட அறிவின்றி அதன் இடர்ப்பாடு ஒருபோதும் அறியப்பட்டிராது. 1995 பெப்ருவரியில் தியரா டெல் பியூகோவின் ரியோ கிரான்டே நகரருகே தகடு பூட்டப்பட்ட 'பி95' என்னும் பறவை 2014 மே மாதம் வரை மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அது வாழ்நாளிற் பறந்த தூரம் பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தூரத்தை விஞ்சியமையால், சந்திரப் பறவை என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. தொலைவில் நின்று தகட்டின் எழுத்தைப் படித்துக் குறித்துக்கொண்ட பலரின் உழைப்பாலேயே அதன் வரலாறு உருப்பெற்றது. ஆகவே காட்சியாற் பெறும் அறிவு, காணப்பட்டதன் நன்மைக்கே திரும்புமாயின், அக்காட்சியின் கடன் ஓரளவு தீர்க்கப்படுகின்றது எனலாம்.

இவ்விடத்திற் கடன் என்பதன் பரப்பு மேலும் விரிகின்றது. முற்காலத்திற் கரையோரப் பறவைகளுக்கு நேர்ந்த தீங்கு துப்பாக்கியால் நேர்ந்தது. சந்தைக்கென அவை பெருந்தொகையாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1916 இல் ஐக்கிய அமெரிக்காவும் கனடாவின் சார்பிற் பிரித்தானியாவும் செய்த உடன்படிக்கையும், அதனையொட்டி 1918 இல் இயற்றப்பட்ட சட்டமும் அவ்வேட்டையைக் கட்டுப்படுத்தின. சில பறவைகளுக்கு அது காலங்கடந்த உதவியாயிற்று. வடதுருவப் பகுதியிலிருந்து தென்னமெரிக்கா வரை பெருங்கூட்டங்களாகச் சென்ற எஸ்கிமோக் குதிரைமலைக்கொத்தி என்னும் பறவையின் ஐயத்துக்கிடமற்ற கடைசிச் சான்று, 1963 இல் பார்படோஸ் தீவிற் சுடப்பட்ட ஒன்றேயாகும். வேட்டையில் தீங்கிழைத்தவன் யார் என்பதில் ஐயமில்லை. அவன் பறவையைக் கண்டே சுட்டான்.

செம்மார்பு உள்ளானுக்குப் பின்னாளில் நேர்ந்ததோ வேறு வகையானது. 1990 களில் விலாங்கும் சங்கும் பிடிப்பதற்குக் கூடுகளில் இடும் இரையாகக் குதிரைலாட நண்டுகள் பெருமளவிற் பிடிக்கப்பட்டன. அத்திலாந்திக் கரை முழுவதிலும் ஆண்டொன்றுக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை பிடிக்கப்பட்ட காலமும் உண்டு. நண்டு பிடித்த எவரும் பறவையைக் கொல்ல எண்ணவில்லை. பலர் அப்பறவையின் பெயரையும் அறிந்திரார். ஆனால் முட்டை குறைந்தது. பறவைகள் போதிய நிறையின்றி வடக்கே புறப்பட்டன. அவ்வாறு புறப்பட்டவை மீண்டும் காணப்படுதல் அரிதாயிற்று. 1980 களில் 90,000 க்கு மேலாக எண்ணப்பட்ட பறவைகள் 2021 இல் 7,000 க்கும் குறைவாகவே எண்ணப்பட்டன. இவ்வீழ்ச்சிக்குப் பிற காரணங்களும் உண்டெனினும் உணவுக் குறைவு அவற்றுள் தலையாயதாகக் கருதப்படுகின்றது. நண்டு முட்டையிடும் பருவத்தை எய்த ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் செல்லும். ஆதலின் ஒரு தலைமுறை செய்த பிழையை அடுத்த ஆண்டே திருத்திவிட முடியாது. நியூ ஜேர்சி மாநிலம் 2008 இல் நண்டு பிடித்தலை முற்றாக நிறுத்தியது. 2014 இன் இறுதியில் இப்பறவையினம் அழிவச்சத்துக்குள்ளானதெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இங்குக் கடற்றொழிலாளரின் கேள்வியைப் புறக்கணித்தல் நேர்மையன்று. நகரத்திலிருந்து வரும் ஒருவர் ஆண்டில் ஒருநாட் காலை பறவை கண்டு மகிழ்வதற்காகக் கரையில் வாழ்பவர் தம் தொழிலை இழத்தல் வேண்டுமா என அவர் வினவலாம். இவ்வினா வன்மையுடையது. மகிழ்ச்சி ஒருவருக்கும் அதன் செலவு மற்றொருவருக்குமாகப் பங்கிடப்படுமாயின், அதனை அறமெனக் கூறுதல் அரிது. காண்பவன் தனது இன்பத்தின் பேரிற் பேசும்வரை இதற்கு அவனிடம் விடை இல்லை. அவன் பறவையின் பேரிற் பேசினும், இழப்பில் தனக்கும் ஒரு பங்குண்டு எனக் காட்டினாலன்றி அவன் சொல் ஏற்கப்படமாட்டாது.

அப்பங்கு அவன் அறியாமலே அவன் உடலில் உள்ளது. குதிரைலாட நண்டின் குருதி நீலநிறமானது. பற்றீரியாக்களிலிருந்து வெளிப்படும் நச்சு மிகச் சிறிதளவு கலந்தாலும் அது உறைந்துவிடும் என்பதை 1956 இல் பிரெடெரிக் பாங் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். பின்னர் அவரும் ஜக் லெவினும் இப்பண்பை அடிப்படையாகக் கொண்டு ஒரு சோதனை முறையை உருவாக்கினர். அதற்கு முன் முயல்களின் உடலில் மருந்தைச் செலுத்திக் காய்ச்சல் காண்கின்றதா எனப் பார்க்கும் முறையே நிலவியது. 1977 இல் ஐக்கிய அமெரிக்காவில் நண்டுக் குருதிச் சோதனைக்கு இசைவளிக்கப்பட்டது. தடுப்பூசிகளும் ஊசிமருந்துகளும் உடலுட் பொருத்தப்படும் கருவிகளும் இதனாற் சோதிக்கப்படலாயின. முயல்களுக்கு இது விடுதலையாயிற்று. நண்டுகளோ பிடிக்கப்பட்டு, குருதியில் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, கடலில் மீண்டும் விடப்படுகின்றன. அவற்றுள் 15 முதல் 30 சதவீதம் வரை இறப்பதாக மதிப்பிடப்படுகின்றது. தொலைகாட்டியோடு கரையில் நிற்பவர், நண்டு பிடிப்பவர், இருவரின் குழந்தைகள் ஆகிய எல்லோரும் இச்சோதனையாற் காக்கப்பட்டவராவர்.

ஒரு குழந்தையின் உயிரா, ஒரு பறவையின் வழியா எனக் கேட்கப்படின் விடை கூற எவரும் தயங்கார். ஆனால் வினா அவ்வாறே அமைந்திருந்ததா என்பது ஆராயத்தக்கது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிங் ஜியக் லிங், ஹோ பாவ் ஆகியோர் 1990 களிலேயே, நண்டின் குருதியின்றி அதே சோதனையைச் செய்வதற்கு வேண்டிய புரதத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கும் வழியைக் கண்டனர். 2003 இல் அது விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்து நியமநூல் 2021 இலேயே அதற்கு முழு இடமளித்தது. ஐக்கிய அமெரிக்காவின் நியமநூல் 2024 இல் ஏற்று 2025 இல் நடைமுறைப்படுத்தியது. மருந்தின் பாதுகாப்பில் அவசரங் கூடாது என்பது உண்மையே. எனினும், இரு தசாப்தங்களுக்கு மேற்பட்ட இத்தாமதத்தில் எச்சரிக்கையோடு பழக்கமும் கலந்திருந்தது என்பதை மறுத்தல் அரிது. தவிர்க்க முடியாத தேவையென்று கூறப்படுவதன் ஒரு பகுதி, மாற்றிக்கொள்ள மனமில்லாத வழக்கமாகவே இருத்தல் கூடும். அவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்தகைய இக்கட்டுகளில் அறவுணர்வின் முதற்பணியாகும்.

மெய்யியலாளர் இத்தொடர்பிற் கூறியவற்றை ஒப்புநோக்குதல் பயனுடையது. விலங்குகளிடத்து மனிதனுக்கு நேரடியான கடமை இல்லை என்றும், அவற்றிடங் கொடுமை செய்பவன் மனிதரிடத்தும் கொடியவனாவான் ஆதலின் அதனைத் தவிர்த்தல் வேண்டும் என்றும் கருதியவர் இமானுவேல் கான்ற். அவர் தம் விரிவுரையில் ஒரு செய்தியை எடுத்துக்காட்டுகின்றார். லைப்னிற்சு என்னும் அறிஞர் ஒரு சிறு புழுவை ஆராய்ந்து பார்த்தபின், தம்மால் அதற்குத் தீங்கு நேரலாகாதென்று, அதனை இலையோடு மீண்டும் மரத்திற் சேர்த்தார் என்பதே அது. காண்போனின் கடனுக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஜெரமி பெந்தம் 1789 இல் வெளியான நூலில், பகுத்தறிவை அன்றித் துன்புறும் தன்மையையே அளவுகோலாகக் கொள்ளுமாறு வற்புறுத்தினார். 1949 இல் வெளிவந்த நூலில் அல்டோ லியோபோல்ட் மண்ணையும் நீரையும் உயிர்களையும் உள்ளடக்கிய ஒரே சமூகத்தின் உறுப்பினனாக மனிதனைக் கண்டார்.

இவை யாவற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் லைப்னிற்சுக்கு வாய்த்த எளிமை இன்றைய காண்போனுக்கு வாய்க்கவில்லை. புழு இருந்த மரம் அங்கேயே நின்றது. அதனைத் திருப்பி வைத்ததோடு அவர் கடன் தீர்ந்தது. இன்று கரையில் நிற்பவன் பறவையை நெருங்காது திரும்பிச் செல்லலாம். ஆனால் அப்பறவையின் இலை, அவனும் பங்குகொள்ளும் வாழ்க்கை முறையால் முன்னரே பறிக்கப்பட்டிருக்கின்றது. அவன் அக்கரைக்கு வராமலே இருந்திருப்பினும் அவன் கடன் குறைந்திராது. அதனை அறியாமல் இருந்திருப்பான் என்பதே வேறுபாடு. ஆகவே, காணுதல் கடனை உண்டாக்குகின்றது என்பதைவிட, முன்னரே உள்ள கடனை அது அறிவிக்கின்றது என்பதே பொருத்தமாகும்.

இக்கடனை விருந்தோம்பல் என விளக்க முற்படுவோரும் உளர். தமிழ் மரபில் விருந்தினரைப் பேணுதல் பேரறமாதலின் அவ்விளக்கம் உள்ளத்துக்கு இனியது. ஆனால் விருந்து என்றால் வீடு ஒருவருடையதாதல் வேண்டும். மனிதன் அக்கரையில் வீடு கட்டுவதற்கு முன்பே நண்டும் பறவையும் அங்கு கூடின. ஆதலின் இதனை வள்ளுவர் கூறும் ஒப்புரவோடு சேர்த்து எண்ணுதலே தகும். மழைக்கு உலகம் கைம்மாறு செய்வதில்லை என்பதை அவர் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். பறவை நன்றி கூறாது. தனக்கு நன்மை செய்யப்பட்டதை அறியவும் மாட்டாது. அவ்வறியாமையாற் கடன் தளர்வதில்லை.

இது டெலவெயர்க் கரையோடு முடியும் செய்தியுமன்று. அங்கு நண்டின் முட்டையை உண்ணும் பறவைகளுள் ஒன்றான கல்திருப்பி உள்ளானின் இனம், வேறு கூட்டங்களாக, மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரைகளிலும் பருவந்தோறும் வந்து தங்கி, இளவேனிலில் வடக்கே செல்கின்றது. 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அப்பறவைகளின் வழியில் உள்ளது. அதே மன்னாரில் 2020 இன் இறுதியில் காற்றாலைகளும் இயங்கத் தொடங்கின. புகையற்ற மின்சாரம் நன்மையே. பறவையின் வழியும் நன்மையே. இரு நன்மைகள் எதிர்ப்படும்போது, எது தேவை, எது வசதி என்னும் அதே வினா இங்கும் எழுகின்றது. மேலும், பல நாடுகளைக் கடக்கும் பறவையிடத்துத் தன் பங்கு சிறிதே என ஒவ்வொரு நாடும் கூறுதல் கூடும். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. பறவை உயிர்வாழ அதன் வழியிலுள்ள எல்லாக் கரைகளும் தத்தம் பங்கைச் செய்தல் வேண்டும். அது அழிவதற்கு ஒரு கரை தவறினாலே போதும்.

இனிக் காண்போன் செய்யத்தக்கது யாது? அலையாற் கவிழ்ந்து கிடக்கும் நண்டை ஓட்டின் விளிம்பைப் பற்றி நிமிர்த்திவிடுதல் சிறு செயல். அதனைப் பலர் இரவிலும் சென்று செய்கின்றனர். கயிற்றுக்கு அப்பாற் செல்லாமை அடுத்தது. எண்ணியதைப் பிழையின்றிக் குறித்தல் மற்றொன்று. கடற்றொழிலாளரின் இழப்பைச் சமூகம் முழுவதும் பங்கிட வேண்டுமெனக் கேட்பதும், குருதியற்ற சோதனையைக் கோருவதும் இவற்றினும் கடினமானவை. நண்டு பிடிப்பதற்கான அளவுகளை விதிக்கும் ஆணைக்குழு கூடுவது, பறவைகள் அக்கரையில் இல்லாத மாதங்களிலாகும். டெலவெயர் விரிகுடாவின் பெண் நண்டுகளை இரைக்குப் பிடிக்கலாகாதென்னும் நிலை 2013 முதல் பேணப்பட்டு வந்தது. அது தளர்த்தப்படுமோ என்ற நிலை 2022 இல் எழுந்தபோது, பொதுமக்களிடமிருந்து பல்லாயிரக்கணக்கான எழுத்துக்கள் ஆணைக்குழுவுக்குச் சென்றன. தடை அவ்வாண்டும் நீடித்தது. மே மாதத்துக் காலையில் கண்ட காட்சி, குளிர் தொடங்கும் காலத்தில் ஒரு கடிதமாக மாறுமாயின், அக்காட்சி வீண்போகவில்லை எனலாம்.